அணியில் ஓர் இடம்: அது யாருடைய ஹக்கு?

தன் பிள்ளைக்காகப் பரிந்து பேசாத தாயோ தகப்பனோ உலகில் உண்டா? இல்லை என்றே கூறலாம். அப்படிப் பேசுவது குற்றமா என்று கேட்டால், கேட்பவரைத்தான் எல்லோரும் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். ஆயினும் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும் ஓரிடத்தில், நம் பிள்ளைக்காக நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அங்கே பேச ஆளில்லாத இன்னொரு பிள்ளையை வெளியே தள்ளிவிடுமானால், அப்போதும் அதற்குப் பாசம் என்றுதான் பெயரா?

இக்கேள்வியை ஆராய, அமெரிக்காவில் பெண் பிள்ளைகள் ஆடும் லாக்ராஸ் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். எங்கோ நடக்கும் விளையாட்டு நமக்கெதற்கு என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வேறிடங்களில் மூடி மறைத்து நடக்கும் ஒரு காரியம் அங்கே வெட்டவெளியில் நடக்கிறது. இடம் இத்தனை, நாள் இது, பணம் இவ்வளவு என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. நியாயத்தை நிறுத்துப் பார்க்க அது வசதியாக இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. நுனியில் வலைப்பை கட்டிய நீண்ட கோல் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். அந்தப் பையில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடவேண்டும், எறியவேண்டும், எதிரணியின் வலைக்குள் செலுத்தவேண்டும். இவ்வாட்டம் வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடையது. நியூயார்க் மாநிலப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஹோடெனோசோனி மக்கள் இதைப் படைத்தவன் தந்த கொடை என்றே கருதினர். நோயாளி குணமடைய வேண்டும் என்று நாடியும் ஆடினர். இன்று அதே ஆட்டத்தால் பெற்றோர் இரவுத் தூக்கம் இழப்பதை அவர்கள் கண்டால் என்ன சொல்வார்களோ!

பெண்களின் ஆட்டம் 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லியனார்ட்ஸ் பள்ளியில் தொடங்கியது. அங்கே பயின்ற ரோசபெல் சின்க்ளேர் என்ற ஆசிரியை 1926இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பெண்கள் பள்ளியொன்றில் அதை நிலைநாட்டினார். 1972இல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் ஆண் பெண் பேதம் கூடாது என்றது. அதன் பின் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான முதல் லாக்ராஸ் வாகையர் போட்டியை நடத்தியது. ஒரு நல்ல சட்டம் திறந்துவிட்ட வாசல் அது. வாசல் திறந்தால் நெருக்கடியும் வந்துவிடுகிறது!

பள்ளியில் அணி இருக்கையில் தனியார் கிளப் எதற்கு? காரணம் எளியது. பள்ளி ஆட்டம் நடக்கும் வசந்த காலத்திலேயே கல்லூரி ஆட்டமும் நடக்கிறது. தங்கள் அணியை விட்டுவிட்டுப் பள்ளி ஆட்டங்களைப் பார்க்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு நேரமில்லை. கோடை விடுமுறையில்தான் அவர்களுக்கு ஓய்வு. அப்போது பெரிய மைதானங்களில் கிளப் அணிகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன; கல்லூரிக்காரர்கள் குறிப்பேட்டுடன் வந்து உட்காருகிறார்கள். ஆகவே, கல்லூரியின் கண்ணில் பட வேண்டுமானால் கிளப்பில் இருக்கவேண்டும். கிளப்பிலும் முதல் அணியில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

அந்த முதல் அணியில் இருபது பேருக்குச் சற்று முன்பின்னாக இடமுண்டு. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் காப்பாளரையும் சேர்த்து 12 பேர். தேர்வு நாளில் சிறுமிகள் எண் பொறித்த மேலாடை அணிந்து வருகிறார்கள். பெயரைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பதுதான் எண்ணின் நோக்கம். தரையில் உருளும் பந்தை எடுப்பது, ஒருத்தியை ஒருத்தி எதிர்ப்பது, சிறு குழுவாக ஆடுவது என்று பார்க்கிறார்கள். சில நாட்களில் கடிதம் வருகிறது. முதல் அணி, இரண்டாம் அணி, அல்லது “வந்தமைக்கு நன்றி.” இடம் கிடைத்தவர்கள் ஓரிரு நாளுக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்பது பல கிளப்புகளில் வழக்கம்.

எண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்களா? இங்கேதான் நம் விஷயம் ஆரம்பமாகிறது.

தேர்வுக்குப் பல மாதம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு தகப்பன் உதவிப் பயிற்சியாளராகச் சேருகிறார். ஒரு தாய் அணியின் நிர்வாகப் பொறுப்பை ஏற்று, பயண ஏற்பாடுகளைச் செய்து, தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டியவராகிறார். இன்னொருவர் தம் மகளை அதே பயிற்சியாளரிடம் தனிப் பாடத்துக்கு அனுப்புகிறார். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். வேறொருவர், “நாங்கள் போனால் எங்களோடு மூன்று பெண்களும் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள்” என்று நயமாகச் சொல்லிவைக்கிறார். பிறந்த ஆண்டைப் பாராமல் பள்ளி முடிக்கும் ஆண்டைக் கொண்டே பல கிளப்புகள் அணி பிரிப்பதால், வயதுக்கும் உடற்கட்டுக்கும் ஆதாயம் கிடைக்கட்டும் என்று பிள்ளையை ஒரு வகுப்பு பின்தங்க வைக்கும் பெற்றோரும் உண்டு.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். பயிற்சி தரவும் பயண ஏற்பாடு பார்க்கவும் ஆள் இல்லாவிட்டால் எந்தக் கிளப்பும் ஒரு மாதம் கூட நடவாது. ஆதலால் உழைக்கும் பெற்றோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. உழைப்பு எந்த நிய்யத்தோடு செய்யப்படுகிறது, அதற்குக் கூலியாக எது கேட்கப்படுகிறது என்பதையே கேட்கிறோம். அணிக்காக உழைத்தவருக்கு நன்றி சொல்லலாம். கட்டணத்தில் சலுகையும் தரலாம். அது கிளப் தன் கையிலிருந்து கொடுப்பது. ஆனால் அவர் மகளுக்கு ஓர் இடம் தருவதென்றால், அதைக் கிளப் தன் கையிலிருந்து கொடுக்கவில்லை. தேர்வில் நன்றாக ஆடிய வேறொரு சிறுமியின் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சிறுமியின் தாய்க்கு மைதானத்தில் ஒருவரையும் தெரியாது. இரவு வேலை முடித்து, மகளை இறக்கிவிட்டு வண்டியிலேயே கண்ணயர்ந்திருப்பாள். அவளுடைய மகளின் ஹக்கு கைமாறிய செய்தி அவளுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. தெரியாமல் நடப்பதால் அநியாயம் சிறுத்துவிடுகிறதா?

பயிற்சியாளர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். தேர்வுத் தாள் அவர் கையில் ஓர் அமானிதம். அதே கையால் தனிப் பாடத்துக்குப் பணம் வாங்குகிறார் என்றால், தராசு பிடித்த கையும் காசு வாங்கும் கையும் ஒன்றாகிவிடுகிறது. அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். இருந்தாலும், பாடத்துக்கு வராத பெண்ணை நீக்கும்போது அவருடைய சொல்லை யார் நம்புவார்? இடங்கள் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்க, தேர்வுக் கட்டணம் மட்டும் வந்த எல்லோரிடமும் வாங்கப்பட்டால், நாம் அதற்கு மென்மையான சொல் தேடமாட்டோம், அது ஏமாற்று. விற்றுப்போன சரக்குக்கு மறுபடி முன்பணம் வாங்குவதற்கு வியாபாரத்தில் என்ன பெயரோ, அதே பெயர்தான் இதற்கும்.

தம் மகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தகப்பன்-பயிற்சியாளர் நிலை இன்னும் இக்கட்டானது. சிலர் வேண்டுமென்றே மகளைக் கீழே தள்ளித் தம் நேர்மையைப் பறைசாற்றுவார்கள். அதுவும் அநீதியே, தகப்பனின் நற்பெயருக்கு மகள் விலை கொடுக்கிறாள். மகள் எண் வரும்போது தாளை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவதுதான் அவருக்கு இருக்கும் ஒரே நல்ல வழி.

ஒரு சாரார் கூறுவர்: “எல்லோரும் பேசுகிறார்கள். நான் மட்டும் வாய் மூடியிருந்தால் என் நேர்மைக்கு என் மகள் பலியாகிறாள். இது தியாகமா, கையாலாகாத்தனமா?” இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உண்மையிலேயே நன்றாக ஆடியும் மற்றவர்களின் சிபாரிசால் தள்ளப்பட்ட பெண்ணின் பெற்றோர் இதைச் சொல்லும்போது, நாமும் தலையசைக்கவே செய்வோம். வாய் மூடியிருப்பதைக் கடமை என்று நாம் கூறவில்லை. பேச்சில் இரண்டு வகை உண்டு. “என் மகளை எதில் குறைவென்று கண்டீர்கள்? எதைக் கொண்டு மதிப்பிட்டீர்கள்? மதிப்பெண் போட்டவர்கள் யார்?” என்று கேட்பது ஒரு வகை. இதற்குக் கிடைக்கும் பதில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் பயன்படும். “இவளை எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது மற்றொரு வகை. அதற்குக் கிடைக்கும் பதில் ஒரு பெண்ணுக்கு லாபம், இன்னொருத்திக்கு நஷ்டம். நாம் பேச நினைக்கும் வாக்கியத்தை, இடம் இழக்கப்போகும் பெண்ணின் தாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியுமா என்று பார்த்தால், அது எந்த வகை என்பது விளங்கிவிடும்.

பேசும் நேரமும் முக்கியம். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழியும்வரை பெற்றோர் பயிற்சியாளரை அணுகக்கூடாது என்று பல இளையோர் கிளப்புகள் விதி வைத்திருக்கின்றன. அனுபவம் கண்ட யாரோ வகுத்த விதி. மைதானத்து ஓரத்தில் சொல்லிவிட்டு மறுநாள் விழுங்க முடியாமல் தவிக்கும் வார்த்தைகள் எத்தனை!

சிபாரிசின் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019 மார்ச் மாதம் அமெரிக்கா கண்டது. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, அவ்வாட்டத்தையே ஆடாத பிள்ளைகளை ஆட்டக்காரர்கள் என்று காட்டி இடம் வாங்கிய செல்வந்தர்கள் மீது வழக்கு வந்தது. தேர்வு மதிப்பெண்ணில் நடந்த மோசடியும் அதில் சேர்த்தி. படகோட்டம், டென்னிஸ், கால்பந்து என்று பல ஆட்டங்களின் பெயர் அடிபட்டது. முதலில் வழக்குத் தொடுக்கப்பட்டவர்கள் 50 பேர். தரகராக இருந்தவருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பெற்றோர் திருடர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். “என் பிள்ளைக்காகத்தானே” என்று அவர்களும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை பாடும் எதற்காக? கல்லூரி உதவித்தொகைக்காக என்பார்கள் பலர். கணக்கைப் பார்ப்போம். 2019இல் ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, லாக்ராஸ் ஆடும் ஒரு பிள்ளைக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செலவிட்டது சராசரி 1,289 டாலர். ஊர் ஊராகப் போகும் கிளப் குடும்பங்களுக்கு இது போதவே போதாது. 2024-25 கல்வியாண்டு வரை முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று பெண்கள் லாக்ராஸுக்குத் தரக்கூடிய முழு உதவித்தொகை 12க்கு மேல் போகலாகாது என்று வரம்பு இருந்தது. அணியிலோ முப்பது பேர் அளவில் இருப்பார்கள். ஆகவே அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் ஆட்டத்துக்காக உதவித்தொகை கிடையாது. ஐவி லீக் எனப்படும் எட்டுப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. (அங்கே அனுமதி கிடைப்பதே பெரிது என்போரும் உண்டு; அது உண்மையும்கூட.) பத்து வயதிலிருந்து கிளப்புக்குக் கட்டிய பணத்தைச் சேமித்து வைத்திருந்தால் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவியிருக்குமே என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது.

அவசரமும் ஒரு நோயாக இருந்தது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளிடமே கல்லூரிகள் வாய்மொழி உறுதி வாங்கிக்கொண்டிருந்த காலம் உண்டு. கல்லூரிப் பயிற்சியாளர்களே முன்னின்று கேட்டதன்பேரில் 2017 ஏப்ரலில் விதி மாறியது. 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவியோடு பேசக்கூடாது என்றாயிற்று. கல்லூரிக்காரர்கள் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். பத்து வயதுப் பெண்ணை முதல் அணியில் சேர்த்தே தீரவேண்டும் என்று துடிக்கும் வீடுகளுக்கு மட்டும் அந்த விதி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

இவ்வளவு நேரம் நாம் பெற்றோரையும் பயிற்சியாளரையும் பற்றியே பேசினோம். கோலைப் பிடித்து ஓடுகிற பெண்ணின் பக்கம் வருவோம். சிபாரிசில் முதல் அணிக்குப் போனவள் பெரும்பாலும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைவிட நன்றாக ஆடுவோர் பலர் இருக்கையில் பயிற்சியாளர் வேறென்ன செய்வார்? அப்போது அவள் பெற்றோர் மறுபடியும் பேசப் போகிறார்கள். இம்முறை இடத்துக்காக அல்ல, ஆடும் நிமிடங்களுக்காக. இரண்டாம் அணியில் இருப்பவளோ ஆட்டம் முழுக்க ஓடுகிறாள்; பந்து அவளைத் தேடி வருகிறது; தவறுகிறாள், திருத்திக்கொள்கிறாள். பள்ளிச் சுவரில் பந்தை எறிந்து பிடித்துப் பழகுவதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. அடுத்த கோடையில் தேர்வு மறுபடி வரும்.

கூடவே இன்னொன்று. சிபாரிசில் இடம் பெற்ற பெண்ணுக்கு அது தன் ஆட்டத்தால் வந்ததா, தகப்பனால் வந்ததா என்று தெரியாது. சக ஆட்டக்காரிகளுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் இத்தகைய செய்தி ஒளிவதில்லை. பந்தை அவளுக்கு எறிய அவர்கள் தயங்கும்போது, காரணம் புரியாமல் வீட்டுக்கு வந்து அழுவாள். ஒருநாள் அவள் நேருக்கு நேர் கேட்கவும் கூடும்: “எனக்காக நீங்கள் யாரிடமாவது பேசினீர்களா?”

பேசியிருந்தால், அந்தத் தகப்பனுக்கு இரண்டே வழிகள். மகளிடம் பொய் சொல்லவேண்டும். அல்லது கொடுத்த இடத்தின் மகிழ்ச்சியை அவளிடமிருந்து பிடுங்கவேண்டும். பேசாதிருந்து, இரண்டாம் அணிக் கடிதம் வந்த வீட்டில் அவளுக்குச் சொல்ல நிம்மதியான பதில் உண்டு. முன்பணம் கட்ட இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அந்த இரண்டாம் அணியில் ஆட அவளுக்கு விருப்பமா என்பதை அவளிடமே கேட்கலாம். பல வீடுகளில் அதைத்தான் கேட்க மறந்துவிடுகிறார்கள்.