நாலரை மணி லைட்டு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு விடியற்காலை பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போனால் தூங்காமல் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட் தாண்டி, இருட்டுக்கு நடுவே நீளநீளமாக வெளிச்ச வரிசைகள் தெரியும். முட்டைக்கோழிப் பண்ணைகள். நாலு, நாலரைக்கெல்லாம் பல்பு போட்டுவிடுகிறார்கள். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. சூரியன் கொடுப்பது பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மிச்சத்தை மின்வாரியத்திடம் வாங்கிக்கொள்கிறார்கள்.

அதே ரோட்டில் இன்னொரு வெளிச்சமும் உண்டு. மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடம். எல்லா ஜன்னலிலும் டியூப்லைட். உள்ளே வரிசையாகக் குனிந்த தலைகள். தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தின் ஸ்டடி ஹால்.

ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் எது பண்ணை, எது பள்ளிக்கூடம் என்று எனக்கே குழம்பிப்போனது. நக்கலுக்குச் சொல்லவில்லை, நிஜம்.

இந்தப் பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளி’ என்று சொல்லிச் சொல்லி அது பட்டப்பெயராகவே நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் பெயர் தப்பு. பிராய்லர் என்றால் கறிக்கோழி. அதற்குப் பெயர் போன ஊர் பல்லடம். நாமக்கல் முட்டைக்கோழி ஊர். கறிக்கோழி தின்று எடை போட்டால் போதும். முட்டைக்கோழி தினமும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினத்தேர்வு, வாரத்தேர்வு, ரிவிஷன் டெஸ்ட்... எந்தக் கோழி பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பண்ணைக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். வளர்ந்துகொண்டிருக்கிற கோழிக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டவே கூடாது. கூட்டினால் உடம்பு தயாராகும் முன்பே முட்டை விட ஆரம்பித்துவிடும். முட்டையும் சின்னதாகப் போகும், கோழியும் கெடும். பதினாறு மணி நேரமெல்லாம் வளர்ந்து முடித்த கோழிக்குத்தான்!

நாமக்கல்லில் எனக்கு ஒரு லாரி ஓனர் நண்பர். ஐந்து வண்டி ஓடுகிறது. டிரைவர் கண் சிவந்திருந்தால் சாவியைக் கொடுக்க மாட்டார். “படுத்து எந்திரிச்சு ஒரு டீயக் குடிச்சுப்போட்டு அப்பறம் எடு கண்ணு. லோடு அரை நாள் லேட்டானா குடியா முழுகிப்போகும்?” என்பார். நல்ல மனுஷர். அவர் பையன் பிளஸ் டூ, ஹாஸ்டலில். அங்கே காலை நாலரைக்கு மணி. ராத்திரி பத்தரைக்குத்தான் விளக்கை அணைப்பார்கள். ஆறு மணி நேரம் மிச்சம். அதுவும் படுத்த உடனே தூக்கம் வந்தால்.

“டிரைவருக்கு ஒரு நியாயம், பையனுக்கு ஒரு நியாயமாங்க?” என்று கேட்டேன்.

“டிரைவர் தூங்கினா வண்டி கவுந்துருமுங்க. பையன் தூங்கினா சீட்டு போயிருமுங்க. ரெண்டு வருசந்தானுங்களே... பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டான்னா அப்பறம் ஆயுசு பூராத் தூங்கிக்கட்டும்” என்றார்.

பதில் சொல்ல எனக்குச் சட்டென்று வரவில்லை. காரணம், என் மகள் பத்தாவது படித்தபோது டியூஷனுக்காக ஐந்தே காலுக்கு அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவன் நான்.

பி.காம்.மில் தொழிற்சட்டம் என்று ஒரு பேப்பர். எல்லோரையும் போல நானும் பரீட்சைக்கு முதல் நாள் படித்தது. அதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். டிரைவருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டச் சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத பையனை வேலைக்கு வைத்தால்? இடைவேளையோடு சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வேலையே கூடாது.

சட்டத்தை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு கதை. ஆனால், எழுதி வைத்தார்கள் அல்லவா? நண்பரின் பையன் லாரியில் கிளீனராகப் போயிருந்தால் அந்தச் சட்டம் அவனை எட்டு மணி நேரம் விட்டுவைத்திருக்கும். படிக்கப் போனதால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அசிங்கமான பதில்தான் கிடைக்கிறது. தூங்கி வழியும் டிரைவர் எதிரே வருகிற நம்மை இடித்துவிடுவான். தூங்கி வழியும் மாணவன் யாரையும் இடிப்பதில்லை.

சரி, வெளியூரில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019-ல் ஒரு சட்டம் போட்டு 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உயர்நிலைப் பள்ளி காலை எட்டரைக்கு முன்னால் ஆரம்பிக்கக் கூடாது. சோம்பேறித்தனத்துக்குச் சலுகை இல்லை இது. பருவ வயதில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சின்னக் குழந்தைக்குச் சுரப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு கிடப்பான். அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

“லேட்டாப் பள்ளிக்கூடம் வச்சா லேட்டாப் படுப்பாங்க, அவ்வளவுதான்” என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சியாட்டில் நகரத்தில் 2016-ல் பள்ளி நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகள் கையில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். கூடுதலாக 34 நிமிடம் தூங்கினார்கள். படிப்பு விஷயத்தில் நமக்குச் சளைக்காத ஊர் சிங்கப்பூர். அங்கே நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி அதே 2016-ல் 45 நிமிடம் தள்ளி வைத்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் லாபம் பத்து நிமிடத் தூக்கம். பெரிய புரட்சி இல்லை. ஆனால், பகலில் கண் சொருகுவது குறைந்திருந்தது.

பக்கத்தில் மகாராஷ்டிராவில் 2024-ல் நான்காம் வகுப்பு வரைக்கும் ஒன்பது மணிக்கு முன்னால் பள்ளி கூடாது என்றார்கள். நல்ல காரியம். ஆனால், யாருக்கு உடம்புக் கடிகாரம் தள்ளிப்போகிறதோ அந்தப் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களை விட்டுவிட்டார்கள்.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி யு.யு. லலித் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும்போது நாம் ஒன்பது மணிக்கு வர முடியாதா என்று கேட்டார். எல்லோரும் பாராட்டினோம். பிள்ளைகள் ஏன் ஏழு மணிக்குப் போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை!

இனி நம்ம ஊர் வேடிக்கைக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மணி அடிப்பது ஒன்பது, ஒன்பதரை வாக்கில். கலிஃபோர்னியா சட்டம் போட்டு வந்து சேர்ந்த இடத்தில், காகிதத்தில் நாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறோம்! ஆனால், பள்ளி வேன் ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்கிறது. டியூஷன் ஐந்தரைக்கு. ஹாஸ்டல் மணி நாலரைக்கு. ஆக, ‘பள்ளியைத் தாமதமாகத் திறக்கலாமா’ என்பது நமக்குப் பாதிக் கேள்விதான். திறக்கிற நேரத்தைப் பத்தாக்கினால் நடுவில் ஒரு ஸ்பெஷல் கிளாஸைச் செருகுவார்கள். பள்ளிபாளையத்தில் தறிக்கு ஷிஃப்ட் போகிற அப்பா அம்மா, பிள்ளையை எந்நேரம் வீட்டில் விட்டுப் பூட்டுவது என்று தவிப்பார்கள். ஏப்ரல் வெயிலில் நாலரை மணிக்கு டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற பொண்ணு நம்மைத்தான் திட்டும்.

ஔவைப் பாட்டி விடியலில் எழச் சொல்லவில்லையா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். சொன்னாள். அவள் காலத்தில் பொழுது சாய்ந்தால் விளக்கெண்ணெய்தான். பத்தரை வரை டியூப்லைட் போட்டு உட்காரவைத்துவிட்டு அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

என்னால் தாண்ட முடியாத கேள்வி வேறொன்று. ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரர் ஒருவர். அவர் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆளே அவர் மகள்தான். இப்படி ஒரு ஹாஸ்டலில் இருந்து படித்து இன்று டாக்டர். அவரிடம் போய்த் தூக்கத்தின் அருமையைப் பேச எனக்கு நாக்கு எழாது. அந்த நாலரை மணி விளக்கு அந்தக் குடும்பத்துக்கு நிஜமாகவே வெளிச்சம்தான். சென்னையில் ஏ.சி. அறையில் தூங்கி எழுந்து எழுதுகிறவர்கள் ‘பிராய்லர்’ என்று கிண்டல் செய்தது எனக்குப் பிடிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம்.

ஆனால், ஒன்று யோசியுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊரில்லை. ஒருத்தர் அறுநூறு அடி போட்டார். தண்ணீர் கொட்டியது. பக்கத்துக் காட்டுக்காரர் எண்ணூறு அடி போட்டார். முதல் ஆளுக்கு வற்றியது. அவர் ஆயிரம் அடி போட்டார். பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் ஒரு குடம்கூடக் கூடவில்லை. கூடியது ஆழமும் கடனும்தான். மெடிக்கல் சீட்டும் அப்படித்தான். ஒரு ஹாஸ்டல் ஐந்தரைக்கு எழுப்பியபோது லாபம் இருந்தது. எல்லோரும் நாலரைக்கு எழுப்பினால் சீட்டு கூடுமா? எல்லாப் பிள்ளைகளும் ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்குவார்கள், அவ்வளவுதான்.

நுழைவுத் தேர்வை 2006 சட்டத்தால் எடுத்தார்கள். மார்க்குக்காக லைட் எரிந்தது. 2017-ல் மாநில ராங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அதே வருடம் நீட் வந்தது. பாடம் மாறியது, கைடு மாறியது. லைட் போடும் நேரம் மட்டும் மாறவில்லை. தனி அப்பா ஒருத்தர் ‘என் பையன் தூங்கட்டும்’ என்றால் நஷ்டம் அவன் ஒருத்தனுக்கு மட்டும். அதனால்தான் இதை அப்பாக்களிடம் விட முடியாது என்கிறேன். கிணற்று ஆழத்துக்கு வரம்பு வைப்பது போல ஊருக்கே ஒரு வரம்பு வேண்டும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஹாஸ்டலிலோ டியூஷனிலோ வகுப்போ தேர்வோ கூடாது. பள்ளி எத்தனை மணிக்குத் திறந்தால் என்ன, அந்த எட்டு மணி நேரம் பிள்ளையுடையது. 1961-ல் லாரிப் பையனுக்கு எழுதியதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

“பையனே விரும்பித்தான் எழுந்திருக்கிறான்” என்பார்கள். இருக்கலாம். டிரைவரைக் கேளுங்கள், அவரும் “எனக்குத் தூக்கமே வரல சார், இன்னும் இருநூறு கிலோமீட்டர் போயிருவேன்” என்றுதான் சொல்வார். சட்டம் எழுதியவர்கள் அவர் சம்மதத்தைக் கேட்டா எழுதினார்கள்?

போன பொங்கல் லீவில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி பதினொன்றரை. பையன் ஹாலில் பாயில் குப்புறக் கிடந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து விழுந்தவன்தானாம். அவன் அம்மா இட்லியை மூடி வைத்துவிட்டு, மிக்ஸி போடாமல் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். வாசலில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்க ஹாரன் அடித்தது. நண்பர் உள்ளேயிருந்து வெறுங்காலோடு ஓடினார்.

“அட, சத்தம் போடாதப்பா... பையன் தூங்கறான்.”