நாடாவும் உதடும்



ஊடை நூல் தீர்ந்ததும் புதுத் தாரை நாடாவில் இட்டு, நூல் நுனியை அதன் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது பழைய ஆலைகளின் வழக்கம். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கும். ஒருவர் எச்சில் பட்ட நாடா மற்றவர் உதட்டிற்கும் வரும். இதனைக் காட்டியே பம்பாய் ஆலைகளில் நம்மவரை நெசவுப் பகுதிக்குள் விடாது, கூலி குறைந்த நூற்புப் பகுதியில் நிறுத்தினர். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இவ்விலக்கை நீக்கக் கோரினார்.

இன்றோ நாடாவே இல்லாத தறி வந்துவிட்டது. காற்றே ஊடையைக் கொண்டு செல்கிறது. நிமிடத்திற்குப் பல நூறு இழைகள். வாய்க்கு வேலையில்லை, எச்சில் என்னும் சாக்கும் ஒழிந்தது. (ஆட்களும் பலர் ஒழிந்தனர், அடியேனும் அவர்களுள் ஒருவன்.)

ஆயினும், சாக்கை நீக்கிய இயந்திரம் சாக்குத் தேடும் மனத்தை நீக்குமோ? வினையின் வேர் எண்ணம் என்பதன்றோ பகவன் புத்தரின் உபதேசம்! யான் உழைத்த ஆலையில் புதுத் தறி இறங்கிய ஆண்டிலும் தண்ணீர்ப் பானையருகே நமக்கெனத் தனிக் குவளை இருந்தது. பல்லாண்டுகள் அதிலேயே குடித்தேன். கூலிக்கு அஞ்சி வாய் திறந்தேனில்லை.