‘ட்ரஸ்ட்’ என்ற சொல் உணர்த்தும் அறம்

ஆங்கிலத்திலிருந்து வந்து கிராமத்து மக்களின் நாவிலும் இடம்பிடித்துவிட்ட சொற்களுள் ‘ட்ரஸ்ட்’ என்பதும் ஒன்றாகும். ட்ரஸ்ட் காணி, ட்ரஸ்ட் உறுதி, ட்ரஸ்டி என்றெல்லாம் ஆலய விடயங்களில் இச்சொல் புழங்குகின்றது. ஒருவரை நம்புவதும் ட்ரஸ்ட். பிறர் பொருட்டு ஒருவர் பொறுப்பில் இருக்கும் சொத்தும் ட்ரஸ்ட். தமிழில் நம்பிக்கை என்றும் தருமசாதனம் என்றும் வேறுவேறாகக் கூறப்படுபவை அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கியது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

முற்காலத்து இங்கிலாந்தில் சிலுவைப் போருக்குச் சென்ற நிலவுடைமையாளர் சிலர் தமது காணியை நண்பர் பேருக்கு மாற்றி, வருமானத்தைத் தம் மனைவி மக்களுக்குக் கொடுக்கும்படி ஒப்படைத்தனர். சில நண்பர்கள் பின்னர் காணி தம்முடையதே என்று கைவிரித்தனர். சாதாரண நீதிமன்றங்கள் யார் பேரில் காணி உள்ளது என்பதையே பார்த்தன. பாதிக்கப்பட்டோர் அரசனிடம் முறையிட, அரசனின் சான்சலர் மனச்சாட்சியை அடிப்படையாகக் கொண்டு விசாரித்தார். காணி ஒருவர் பேரில் இருக்கலாம். அதன் பயன் மற்றவருக்கே உரியது என்ற நீதி இவ்வாறு பிறந்தது.

இந்நீதியே இலங்கையில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமாக அமைந்தது. ஒருவர் நம்பிக்கை வைப்பதும் மற்றவர் அதனை ஏற்றுக்கொள்வதும் சேர்ந்தே இப்பொறுப்பு உண்டாகின்றது என்பது அச்சட்டத்தின் கருத்து. ஏற்றுக்கொண்டபின் அது கடமையாகிவிடுகின்றது.

நல்ல சொல்லும் மனிதர் கைப்பட்டு இழிவடைவதுண்டு. 1882ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனியார் பல எண்ணெய்க் கம்பனிகளை ஒரு ட்ரஸ்ட்டின் கீழ்த் திரட்டினர். விரைவில் அந்நாட்டில் இச்சொல் ஏகபோக வியாபாரத்தின் பெயராயிற்று. 1890ஆம் ஆண்டில் அதற்கெதிராகச் சட்டமியற்ற வேண்டியதாயிற்று.

சட்டம் பிறப்பதற்கு முன்பே இவ்வறத்தைப் பெரியபுராணம் காட்டியுள்ளது. சோழ மன்னரின் சேனாதிபதியாகிய கோட்புலி நாயனார் சிவபெருமானின் திருவமுதுக்கென நெல் சேர்த்து வைத்தார். போருக்குச் செல்கையில் அதனைத் தொடக்கூடாது என்று சுற்றத்தார் ஒவ்வொருவரிடமும் ஆணையிட்டுச் சென்றார். பின் பஞ்சம் வந்தது. இப்போது எடுத்துண்டு பின்னர் திருப்பிக் கொடுக்கலாம் என்றெண்ணி அவர்கள் அந்நெல்லை உண்டனர். திரும்பிவந்த நாயனார் அவர்களை வெட்டி வீழ்த்தினார்.

பசித்தவர் உண்டது அத்துணைக் குற்றமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. அத்தண்டனையை இக்காலத்தில் எவரும் பின்பற்ற வேண்டியதுமில்லை. ஆயினும், காவல் ஏற்றவரே பயன்பெறுபவராகவும், அது சரியென்று தீர்ப்புச் சொல்பவராகவும் ஆகிவிட்டால் நம்பிக்கை எங்கே நிற்கும்? “பிறகு வைத்துவிடலாம்” என்பதே கெடுதியின் முதற்படி. உண்டியற் பணத்தில் இரண்டு நாட் கைமாற்று எடுப்பவரும் திருடும் எண்ணத்தோடு எடுப்பதில்லை. ஆனால் அப்பணம் கூலிவேலை செய்யும் தாயொருத்தி பிள்ளையின் சுகத்துக்காக நேர்ந்து முடிந்துவைத்த காசாக இருக்கலாம். அதனை இரவல் கொடுக்கும் உரிமை எந்தத் தர்மகர்த்தாவுக்கும் இல்லை. உண்மையான அவசரம் வந்தால் பொதுச்சபையைக் கூட்டி வெளிப்படையாகக் கேட்பதே முறை.

அடியார்களுக்கும் இதில் பங்குண்டு. ஒருவரை நம்புவதாகக் கூறி அவரிடம் கணக்குக் கேளாதிருப்பது மரியாதையன்று. ஆலயச் சொத்து முறைகேடாக நடத்தப்படின், அதில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாட மேற்கூறிய சட்டம் இடமளிக்கின்றது. அந்த அளவுக்குப் போகாதிருக்க, வருடந்தோறும் கணக்கைச் சபையில் வாசிப்பதும் அடியார்கள் இருந்து கேட்பதும் போதும். கணக்குக் கேட்பவர் பகைவரல்லர். காட்டுபவருக்கு அது அவமானமுமன்று. அவர் பேரைக் காக்கும் கவசமே அது.

கோயிற் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் கோயிலுக்கு உடையவரல்லர். உடையவர் உள்ளே எழுந்தருளியிருக்கின்றார். அந்நினைவு நீங்காதிருக்க எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.