பிரதி எடுப்பது களவா?



வாலிபர் கூட்டத்தில் கிளம்பி, இப்போது அநேக வீடுகளில் சாப்பாட்டு வேளையிலும் நடந்துவருகிற ஒரு வாக்குவாதத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: சிநேகிதனுடைய செல்போனில் இருக்கிற பாட்டையோ படத்தையோ நான் என் செல்போனுக்கு ஏற்றிக்கொண்டால், அவனிடம் இருந்தது அவனிடமே இருக்கிறது, பாடினவரிடமிருந்தும் நான் ஒன்றையும் பிடுங்கவில்லை. ஒருவருடைய பொருளும் குறையாத இடத்தில் களவு எங்கிருந்து வந்தது? கேட்ட பிள்ளைகள் குறும்புக்காகக் கேட்கவில்லை. ஆகையால் அதட்டிப் பதில் சொல்வது நியாயமல்ல.

பெரியவர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். பிள்ளைகள் டெலிவிஷனோடு பூட்டி விளையாடுகிற பெட்டி வெறும் விளையாட்டுப் பெட்டியென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1994-ல் ஜப்பானில் சோனி கம்பெனி வெளியிட்ட முதல் பிளேஸ்டேஷனே பாட்டு சி.டி.யையும் பாடிற்று. 2000-ல் வந்த இரண்டாவது பெட்டி டி.வி.டி. படங்களைக் காட்டிற்று. 2004 டிசம்பரில் வந்த பி.எஸ்.பி. என்பது கைக்குள் அடங்குவது. அதிலே ஒரு சிறு மெமரி கார்டைச் செருகி, பஸ்ஸில் உட்கார்ந்தபடி பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்திருந்தது. பிற்பாடு செல்போன் வந்து இவை யாவற்றின் வேலையையும் தானே செய்யத் தொடங்கிவிட்டது. இந்தக் கருவிகளை நான் குறைகூறப் போவதில்லை. அவற்றின் வயிற்றில் இருப்பவற்றில் பாதி நம் ஊர்த் தொழிலின் உறவினர்தாம்: ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் எள்ளை விடச் சிறிய பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

பிரதி எடுக்கும் பழக்கத்தை இக்காலத்துப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களைக் கண்டிக்கிற தகப்பனார்மார் தங்கள் வாலிபத்தை நினைத்துக்கொள்ளட்டும். 1980-களில் ஒரு காகிதத்தில் விருப்பமான பாடல்களை வரிசையாக எழுதி, கேசட் கடையில் கொடுத்து, அறுபதோ தொண்ணூறோ நிமிஷ நாடாவில் பதிந்து வாங்கி வந்தது யார்? அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அடங்கிய எம்.பி.3 சி.டி. நடைபாதையில் விற்றது. அதன்பின் செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டி, “பாட்டு ஏத்திக் குடுங்க” என்றோம். 2011-ல் தமிழக அரசு பிளஸ் 2 மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அது பல வீடுகளில் பாடம் படிக்கிற கருவியாயும் குடும்பத்தின் சினிமாக் கொட்டகையாயும் ஆயிற்று. திருட்டு வி.சி.டி. விற்பவர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் அடைக்கலாம் என்று 2004-ல் சட்டம் திருத்தப்பட்டும், வாங்குகிற கை நின்றதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அந்த நாடாவுக்கும் இந்த மெமரி கார்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை விருத்தாசலத்தார்க்கு விளக்குவது எளிது.

பீங்கான் பொம்மை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பட்டறைக்காரர் பாடுபட்டு மூல உருவம் செதுக்குகிறார். அதன்மேல் பாரிஸ் சாந்தால் அச்சு எடுக்கிறார். அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் மண் பிடித்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையைப் பிரித்து உலர்த்திச் சூளையில் வைக்கிறார். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். இப்போது வேறொருவர் அந்த வெந்த பொம்மையைச் சந்தையில் வாங்கி, அதன்மேலேயே அச்சு எடுத்துத் தாமும் வார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மண்ணும் சுருங்குமாகையால், அவர் பொம்மை மூலத்தை விடச் சிறியதாய் வரும். மூக்கும் மடிப்பும் மழுங்கியிருக்கும். அதிலிருந்து இன்னொருவர் அச்சு எடுத்தால் இன்னும் சிறிது குறையும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எது அசல், எது பார்த்து எடுத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அன்றியும் சாந்து அச்சு தேய்ந்துபோகும். அளவில்லாமல் வார்க்க முடியாது.

பழைய கேசட்டும் அப்படியே. பிரதியின் பிரதியில் இரைச்சல் ஏறும். ஆனால் டிஜிட்டல் பாட்டு என்பது எண்களின் வரிசை. சி.டி.யில் ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, அந்த அளவுகளை எண்ணாக எழுதிவைக்கிறார்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஆராய்ச்சிசாலையில் வளர்ந்து, 1995-ல் பெயர் சூட்டப்பட்ட எம்.பி.3 என்ற முறை, காது அதிகம் கவனியாத பகுதிகளை விட்டுவிட்டு, அந்த எண்களைச் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறுக்குகிறது. குறுக்கியதைப் பிரதி எடுத்தால் ஓர் எண்ணும் மாறாது. ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. சூளை காட்டிக்கொடுத்ததை இங்கே காட்டிக்கொடுக்க ஒருவருமில்லை. மனச்சாட்சிதான் அந்த வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது.

சரி, மனச்சாட்சி என்ன சொல்ல வேண்டும்? ஏழாங் கற்பனைக்கு விளக்கம் சொல்லும்போது அர்ச். தோமாஸ் அக்வினாஸ், பிறர் பொருளை மறைவாக எடுப்பதே களவு என்கிறார். இந்த இலக்கணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வாலிபர்கள் வழக்கு பாதி ஜெயித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொருள் உடையவனிடமே இருக்கிறதல்லவா! “காப்பி அடிப்பது கடையில் சட்டை திருடுவதற்குச் சமம்” என்று டி.வி.டி. தொடக்கத்தில் போட்டுக் காட்டிய விளம்பரங்களைப் பிள்ளைகள் நம்பாமல் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. சட்டைக்கும் பாட்டுக்கும் ஒப்புமை சரியில்லை.

ஆனால் சட்டையை விட்டுவிட்டுக் கூலியைப் பாருங்கள். பொம்மைப் பட்டறையில் மூல உருவம் செதுக்கினவருக்கு, செதுக்கின அன்றே கூலி கிடைத்துவிடுவதில்லை. அச்சில் வார்த்து விற்கிற ஒவ்வொரு பொம்மையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த உழைப்பு திரும்பி வருகிறது. பாட்டும் அவ்விதமே. எழுதினவர், இசை அமைத்தவர், பாடினவர், வயலினும் தபேலாவும் வாசித்தவர், பதிவு செய்தவர் ஆகிய இத்தனை பேருடைய பாடும் அந்த மூன்று நான்கு நிமிஷத்தில் அடங்கியிருக்கிறது. பாட்டை அனுபவித்துவிட்டுக் கூலிக்குப் பங்கு கொடாதவன், பொருளைத் திருடாமலிருக்கலாம். வேலை வாங்கிக்கொண்டு கூலியைப் பிடித்துக்கொண்டவன் ஆகிறான். ஞானோபதேசத்தில் பழிவாங்கும்படி வானத்தை நோக்கிக் கூப்பிடுகிற பாவங்கள் நான்கு என்று படித்தீர்களே, அவற்றில் கூலியைக் கொடாமற் பிடித்துக்கொள்வது ஒன்று. ஒரு பாட்டை ஏற்றினவனை அந்தப் பெரும் பாவியோடு சேர்த்து நிறுத்த நான் வரவில்லை. அற்பத் தொகை அற்பக் குற்றந்தான். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று காட்டுகிறேன்.

இப்படிப் பார்த்தால் பழைய வழக்குகளும் தெளிவாகின்றன. 6-ம் நூற்றாண்டில் அயர்லாந்தில் அர்ச். கொலும்பா, தம் ஆசிரியராகிய பின்னியன் வைத்திருந்த சங்கீதப் புத்தகத்தை இரவில் மறைவாகப் பிரதி எடுத்தார் என்றும், பின்னியன் பிரதியும் தமக்கே சொந்தமென்று வழக்காட, கன்று பசுவைச் சேர்ந்ததுபோல் பிரதி மூலத்தைச் சேர்ந்தது என்று தியார்மைத் ராஜா தீர்த்தார் என்றும் ஒரு பரம்பரைச் செய்தி உண்டு. 561-ல் ஒரு யுத்தமே அதனால் மூண்டதாம். எனக்கு அந்தத் தீர்ப்பில் திருப்தியில்லை. சங்கீதங்களைப் பாடினவர் பின்னியன் அல்லவே! கொலும்பா யாருடைய கூலியைப் பிடித்தார்? கன்று ஈனப் பசு பாடுபட்டது. இந்தப் பிரதியை ஈனப் பாடுபட்டது கொலும்பாவின் கை. அவ்வாறே 1770-ம் வருஷம் பெரிய வாரத்தில், 14 வயதுச் சிறுவன் மொசார்ட், ரோமாபுரி சிஸ்தீன் கோவிலில் பாடகர்கள் தங்களுக்குள் காத்துவந்த அல்லேகிரியின் “மிசெரேரே” இசையைக் காதால் கேட்டு, தங்குமிடம் வந்து எழுதிவிட்டான். இசையை அமைத்த அல்லேகிரி இறந்து 118 வருஷம் ஆகியிருந்தது. பாப்பரசர் 14-ம் கிளமெந்து அவனைத் தண்டிக்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் பொற்குதிமுள் என்னும் பட்டத்தை அளித்தார்.

நம் நாட்டுச் சட்டமும் கூலியை ஒட்டியே போகிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். ஒலிப்பதிவின் உரிமை வெளியாகி 60 வருஷம். எழுதினவர், இசை அமைத்தவர் உரிமை அவர்கள் ஆயுளும் அதன்பின் 60 வருஷமும். 2017-ல் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவது பற்றி எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, யார் பக்கம் நியாயம் என்று டீக்கடைதோறும் தீர்ப்புச் சொன்னோம். அதே பாடல்களை மெமரி கார்டில் ஏற்றியபோது நாம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒருவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஓரவஞ்சகன் ஆவேன். விற்கிறவர்கள் யோக்கியர்களா? 2005-ல் சோனி பி.எம்.ஜி. கம்பெனி விற்ற சில பாட்டுத் தகடுகள், வாங்கினவருடைய கம்ப்யூட்டருக்குள் அவருக்குத் தெரியாமல் ஒரு காவல் நிரலை ஒளித்துவைத்தன. ஊர் கூடிக் கேட்டபின் தகடுகளைத் திரும்பப் பெற்றார்கள். சி.டி.யை உலகத்துக்குக் கொடுத்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று சோனி. அதே கம்பெனி 2013-ல் வெளியிட்ட நான்காம் பிளேஸ்டேஷனில் பாட்டு சி.டி. பாடாது. 2023 டிசம்பரில், பணம் கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீங்கிவிடும் என்று அறிவித்து, கூக்குரல் எழும்பின பின் அம்மாதமே நிறுத்திவைத்தார்கள். விலைச்சீட்டில் “வாங்கு” என்று எழுதி, உள்ளே சின்ன எழுத்தில் வாடகை என்பது என்ன நேர்மை? கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல், உண்மையை வெளிப்படையாய்ச் சொல்லாமல் அந்த வார்த்தையைப் போடக் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது.

“அவர்கள் ஏமாற்றினால் நாங்கள் ஏன் இலவசமாய் எடுத்துக்கொள்ளக் கூடாது?” என்பீர்கள். இதை வேதசாஸ்திரிகள் எப்போதோ ஆராய்ந்திருக்கிறார்கள். எஜமான் கொடுக்கும் சம்பளம் போதாதென்று வேலைக்காரன் தானே மதிப்புப் போட்டு மறைவாக ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தை 1679-ல் பாப்பரசர் 11-ம் இன்னோசெந்து கண்டனம் செய்தார். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காருகிறவன் தராசை நேராய்ப் பிடிப்பதில்லை. எனினும் கடன் நிச்சயமாயிருந்து, வேறு வழி அடைபட்டு, மூன்றாம் மனிதனுக்குச் சேதமில்லையானால், தனக்குச் சேரவேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள அநேக ஆசிரியர்கள் இடங்கொடுக்கிறார்கள். ஆகவே விலை கொடுத்து வாங்கின படம் உங்கள் கணக்கிலிருந்து மறைந்துபோனால், அதே படத்தின் வேறொரு பிரதியை வைத்துக்கொள்வதில் நான் பாவம் காணவில்லை. அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்து நாற்பது படம் இறக்கினால், முப்பத்தொன்பதுக்குக் கணக்கு உண்டு.

விலை கொடுத்து வாங்கின சி.டி.யைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து செல்போனுக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் மாற்றி உங்கள் வீட்டார் கேட்பது பற்றி வீணாய்க் கலங்க வேண்டாம். கூலி ஒருமுறை கொடுத்தாயிற்று. எந்த அறையில் கேட்டாலென்ன? சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் சட்டமும் இடங்கொடுக்கிறது. பலருக்குப் பகிர்வதும், காசு வாங்கி ஏற்றிக்கொடுப்பதும் வேறு.

ஏழைப் பிள்ளை என்ன செய்வான் என்று ஒரு தாயார் கேட்டார்கள். பட்டினி கிடக்கிறவன் ரொட்டியை எடுத்தால் களவல்ல என்று அர்ச். தோமாஸ் சொல்லுவார், பாட்டு ரொட்டியல்ல. அன்றியும் 2016-க்குப்பின் இணையக் கட்டணம் மிகவும் இறங்கிவிட்டது. விளம்பரத்தோடு இலவசமாகப் பாட்டைக் கேட்க முறையான வழிகள் இருக்கின்றன. அதில் சொற்பமாவது உழைத்தவருக்குப் போகிறது. விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்வது சிறு தபசு.

ஏற்கெனவே கார்டு நிறைய வைத்திருக்கிறவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அழவேண்டியதில்லை. பரிகாரம் என்பது ஈடு செய்வது. எந்தப் பாட்டை மெய்யாகவே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களோ, அதை முறையான வழியில் கேளுங்கள். இயன்றவர்கள் மாதச் சந்தா கட்டுங்கள். நம் பகுதியில் மேளமும் ஆர்மோனியமும் வாசிக்கிற கலைஞரைத் திருவிழாவுக்கு அழைத்தால், பேசின தொகையை அன்றிரவே கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். சில வீடுகளில் பழைய கேசட்டுகள் பெட்டி நிறையக் கிடக்கின்றன: எந்தக் கம்பெனியும் இனி வெளியிடாத பக்திப் பாடல்கள், எந்தக் கடையிலும் கிடைக்காத நாடகங்கள், இறந்துபோன பாட்டனார் கலியாணத்தில் பாடினது. இவற்றை செல்போனுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பவரே இல்லாத இடத்தில், உங்கள் வீட்டுக்கென்று மாற்றிவைப்பதால் யாருடைய கூலியும் நிற்கவில்லை, தாராளமாய் மாற்றுங்கள். ஆனால் உறையைத் தூர எறியாதேயுங்கள். பாடினவர் பெயரும் எழுதினவர் பெயரும் அதில்தான் இருக்கின்றன, அவற்றையும் கூடவே எழுதிவையுங்கள். நாடா ஒட்டிக்கொள்ளவும் பூஞ்சணம் பிடிக்கவும் தொடங்கியிருந்தால், வரும் மழைக்காலத்துக்கு முன்பே செய்வது நல்லது.