நல்லதும் அளவோடு



தண்ணீர் நல்லதா கெட்டதா என்று திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரைக் கேட்டால் அவர் சிரிப்பார். மானம் பார்த்த பூமியில் தண்ணீரைவிட மேலான செல்வம் ஏது? ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக் கரிசல் புஞ்சையில் தண்ணீர் தேங்கினால், மிளகாய்ச் செடி வேரழுகிப் போகுமே என்று அவரே மண்வெட்டியோடு ஓடி வாய்க்கால் வெட்டி வடிப்பார். நல்ல பொருள் எவ்வளவு கூடினாலும் நல்லதாகவே இருக்குமா? இந்தக் கேள்வியை இந்த வாரம் சிந்திப்போம்.

பிராணவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். சில நிமிஷம் அது கிடைக்காவிட்டால் மூளை மடியும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது நூற்றுக்கு 21 பங்கு. ஆனால் எலும்புக்குள்ளே மஜ்ஜையில் அது மிகக் குறைவு. எலிகளில் அளந்து பார்த்தபோது சுமார் 1 முதல் 4 பங்குதான் இருந்தது. அந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்கள் குடியிருந்து, தேய்ந்து மடிபவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றைப் பிறப்பிக்கின்றன. இங்கே நாம் சொல்வது வளர்ந்த மனிதரின் மஜ்ஜையில் உள்ளவற்றையே. கருவைச் சிதைத்து எடுப்பவற்றை அல்ல. அதைத் திருச்சபை ஒருபோதும் ஏற்றதில்லை.

உடலுக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் வளரும் உயிரணுவுக்கு முதுமையே இல்லை என்று முன்பு நம்பினார்கள். 1961-ல் அமெரிக்காவில் ஹேஃபிளிக், மூர்ஹெட் என்ற இருவர், மனித உயிரணு சுமார் 50 முறை பெருகியபின் நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். 1977-ல் பாக்கர், ஃபியூர் என்பவர்கள், பிராணவாயுவைக் குறைத்து வளர்த்தால் அது இன்னும் பல முறை பெருகுகிறது என்று கண்டார்கள். மஜ்ஜையின் மூல உயிரணுக்களிலும் பிறகு இவ்வாறே காணப்பட்டது. வெளிக்காற்றின் தாராளத்தில் அவை விரைவில் கிழடு தட்டின. 3 பங்கு அளவில் வெகுநாள் இளமையோடு பெருகின.

காரணம் என்ன? இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் இதே வாயுதான். உயிரணுவுக்குள் அது மிகும்போது உண்டாகும் சில வேகமான பொருள்கள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. சேதம் கூடினால் உயிரணு பெருகுவதை நிறுத்திவிடுகிறது. உடனே சாவதில்லை, அக்கம்பக்கத்தாரையும் கெடுக்கும் பொருள்களைக் கசியவிட்டுக்கொண்டு கிடக்கிறது.

"அப்படியானால் இல்லாமையே நல்லது என்கிறீரா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. பிராணவாயு அறவே இல்லாவிட்டால் அந்த உயிரணுவும் மடியும். மஜ்ஜைக்குப் போதுமான அளவு மூளைக்குப் போதாது. ஆகவே ஏழைக்குக் குறைவே போதும் என்று சொல்ல இதில் இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இயல்புக்குரிய அளவு உண்டு. அதை அறிந்து கொடுப்பதே உண்மையான பராமரிப்பு. "எவ்வளவு அதிகம்?" என்பது ஆசையின் கேள்வி. "இதற்கு எவ்வளவு தகும்?" என்பது அன்பின் கேள்வி.

இது நம் வீட்டு வாசலுக்கும் வரும் விஷயம். மூட்டுவலி முதல் மூளை வளர்ச்சிக் குறைவு வரை எல்லாவற்றையும் ஸ்டெம் செல் ஊசியால் தீர்ப்பதாக விளம்பரங்கள் வருகின்றன. இரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது நிலைபெற்ற சிகிச்சை. நம் மாநிலத்திலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது நெடுங்காலமாக நடக்கிறது. இரத்த சம்பந்தமான இத்தகைய நோய்கள் நீங்கலாக, மற்றவற்றுக்கு முறைப்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் அன்றி இதைக் கொடுக்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஊசிக்குள் இருப்பவை இளமையானவையா, வளர்ப்பிலேயே கிழடு தட்டியவையா என்று கண்ணால் பார்த்து யாரால் சொல்ல முடியும்? நோயுற்ற பிள்ளைக்காகப் புஞ்சையை விற்கத் துணியும் தாய் தகப்பனின் பாசத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். அந்தப் பாசத்தை விலை பேசுவதே பாவம். பத்திரத்தை எடுக்குமுன், "இது நிலைபெற்ற சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் எங்களிடம் பணம் கேட்பானேன்?" என்று கேளுங்கள்.

தண்ணீரை நேசிக்கிற சம்சாரியே அதை வடிக்கவும் அறிந்திருக்கிறார். அந்த விவேகம் நம் வீட்டிலும் இருக்கட்டும்.