நின்று கேட்கும் தோழர்



இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவானின் சீடர்கள் ஒரு முறையீட்டோடு தங்கள் குருவிடம் வருகிறார்கள் (யோவான் 3:22-30). யோர்தானுக்கு அப்பால் உங்களோடு இருந்தவர், நீங்கள் சான்று பகர்ந்தவர், அவரும் இப்போது திருமுழுக்குக் கொடுக்கிறார். எல்லாரும் அவரிடமே போகிறார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. தங்கள் குருவைச் சுற்றியிருந்த கூட்டம் கரைகிறதே என்ற ஆற்றாமை அந்தப் பேச்சில் தெரிகிறது. யோவானும் அவர்களோடு சேர்ந்து புலம்பியிருந்தால் நமக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

யோவான் புலம்பவில்லை. தம்மை மணமகனின் தோழர் என்கிறார். அன்றைய யூதர்களின் திருமணத்தில் தோழருக்குப் பெரிய பொறுப்புகள் உண்டு. ஓடியாடி வேலை பார்ப்பவர் அவர். ஆனால் திருமணம் அவருடையது அல்ல. அந்தத் தோழர் அருகில் நிற்கிறார், மணமகனின் குரலைக் கேட்கிறார், கேட்டு மகிழ்கிறார். நிற்பது, கேட்பது, மகிழ்வது. இந்த மூன்றில் நடுவில் இருக்கும் கேட்பதைப் பற்றி இன்று கொஞ்சம் சிந்திப்போம். மற்ற இரண்டும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

அழுவாரோடு அழுவது நமக்குப் பழகிய அறம். துக்க வீட்டுக்கு யாரும் அழைக்காமலே போகிறோம். தந்தையை இழந்தவரின் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். அதே வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இனிப்புப் பெட்டி வரும்போதோ நிலைமை வேறு. "ரொம்ப சந்தோஷம்மா" என்று வாங்கிக்கொள்கிறோம். கதவைச் சாத்தியதும் பேச்சு மாறுகிறது. "யாராவது சிபாரிசு செய்திருப்பார்கள்." "நம்ம பையனும் அதே படிப்புதானே படித்தான்?" கையில் இருக்கும் லட்டு பாதியிலேயே கசந்துவிடுகிறது. பவுலடியார் உரோமையருக்கு எழுதும்போது மகிழ்வாரோடு மகிழ்வதை முதலில் வைத்து, அழுவாரோடு அழுவதைப் பிறகுதான் சொன்னார் (உரோமையர் 12:15). நம் மனத்தை அறிந்துதான் கடினமானதை முதலில் கேட்டார் போலும்.

ஏன் இது இவ்வளவு கடினமாக இருக்கிறது? பிறருடைய வெற்றி நம்மிடம் முடிந்துபோன செய்தியாக வந்து சேர்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலையையும் மேடையையும் பார்க்கிறோம். விழித்திருந்த இரவுகளும், "இனி என்னால் முடியாது" என்று உட்கார்ந்துவிட்ட நாள்களும் அதில் வருவதில்லை. உழைப்பைப் பார்க்காதவருக்கு வெற்றி வெறும் அதிர்ஷ்டமாகத் தெரிகிறது. அந்த அதிர்ஷ்டம் நமக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியில் பொறாமை பிறக்கிறது. கூடவே இருந்து கேட்டவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. நண்பர் எட்டிய மைல்கல் வரை அவரும் நடந்துதானே வந்திருக்கிறார்!

இதை வாழ்ந்து காட்டிய ஒரு நண்பர் குழுவை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், 1930களிலும் 40களிலும், சில எழுத்தாளர்கள் வாரந்தோறும் கூடினார்கள். 'இங்க்ளிங்ஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் இருவரை உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன். மற்றவர் நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ். குள்ளர்களும் டிராகன்களும் பேசும் விலங்குகளும் உலவும் மிகுபுனைவுக் கதைகளை, பேராசிரியர்கள் செய்கிற வேலையா இது என்று பலர் நினைத்த காலத்தில் எழுதியவர்கள்.

டோல்கீன் கத்தோலிக்கர். 12 வயதில் தாயை இழந்து, பர்மிங்காம் ஓரட்டரியைச் சேர்ந்த அருள்பணியாளர் பிரான்சிஸ் மார்கனின் பாதுகாப்பில் வளர்ந்தவர். பள்ளியில் அவருக்கு மூன்று நெருங்கிய தோழர்கள். அவர்களில் இருவரை 1916இல் முதல் உலகப் போர் கொண்டுபோய்விட்டது. இறந்தவர்களில் ஒருவரான ஜெஃப்ரி பேச் ஸ்மித், தாம் இறந்துவிட்டாலும் நால்வரும் சேர்ந்து கண்ட கனவை டோல்கீன் சொல்லியாக வேண்டும் என்று போர்முனையிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். 1918இல் ஸ்மித்தின் கவிதைகள் நூலாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் டோல்கீன். தம்முடைய புகழ்பெற்ற கதை எதுவும் அச்சேறுவதற்கு வெகுகாலம் முன்பே, மறைந்த தோழரின் புத்தகத்துக்குத் துணை நின்றார்.

லூயிஸை அவர் சந்தித்தது 1926 மே மாதம், பல்கலைக்கழக ஆசிரியர் கூட்டம் ஒன்றில். லூயிஸுக்கு அப்போது கடவுள் நம்பிக்கை கிடையாது. 1931 செப்டம்பரில் ஓர் இரவு, டோல்கீனும் ஹியூகோ டைசன் என்ற நண்பரும் மாட்லின் கல்லூரியின் ஆற்றோரப் பாதையில் லூயிஸோடு நடந்தபடியும் பிறகு அறையில் அமர்ந்தும் விடிய விடியக் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினார்கள். சில நாள்களில் லூயிஸ் இயேசுவை இறைமகன் என்று ஏற்றுக்கொண்டார். அவர் கத்தோலிக்கராகாமல் ஆங்கிலிக்கன் சபைக்குத் திரும்பியதில் டோல்கீனுக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தால் நட்பு முறிந்துவிடவில்லை.

வியாழக்கிழமை இரவுகளில் கல்லூரியில் லூயிஸின் அறையில் கூட்டம் நடக்கும். அவருடைய அண்ணன் வாரன் கடுந்தேநீர் தயாரிப்பார். ஐந்தாறு பேர் சேர்ந்து, புகைக்குழாய்கள் நன்றாகப் பற்றிக்கொண்டதும், படிக்க யாரிடமும் எதுவும் இல்லையா என்று லூயிஸ் கேட்பார். யாரோ ஒருவர் பையிலிருந்து கைப்பிரதியை எடுப்பார். அச்சாகாத, அடித்துத் திருத்திய தாள்கள். அவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். நன்றாக இருந்தால் மனம் திறந்து பாராட்டு, சரியில்லை என்றால் தயவு தாட்சணியம் இல்லாத விமர்சனம். முகத்துக்கு நேரே குறை சொன்னவர்கள் முதுகுக்குப் பின்னால் புறணி பேச வேண்டியிருக்கவில்லை.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அந்த அறையில்தான் அதிகாரம் அதிகாரமாக வாசிக்கப்பட்டது. 1937 டிசம்பரில் டோல்கீன் அதைத் தொடங்கினார். எழுதி முடிக்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. நடுவில் எத்தனையோ முறை கதை நின்றுபோனது. அடுத்த அதிகாரம் எங்கே, எங்கே என்று லூயிஸ் விடாமல் நச்சரித்துக்கொண்டே இருந்தார். 1944 மே மாதம் டோல்கீன் இரண்டு அதிகாரங்களை வாசித்துக் காட்டியபோது லூயிஸ் கண்கலங்கினார். போர்க்காலப் பணியில் தென்னாப்பிரிக்காவில் இருந்த தம் மகன் கிறிஸ்டோபருக்கு டோல்கீன் அதை மகிழ்ச்சியோடு எழுதினார். அந்தக் குழுவிலும் குறை இருந்தது. டைசனுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. பிற்காலத்தில் அவர் உள்ளே நுழைந்தாலே வாசிப்பு நின்றுவிடும். பொறுமையில்லாத ஒரு முகம் போதும், ஒரு கதை வாய்மூடிக்கொள்ள.

1954இல் முதல் பாகம் வெளிவந்தது. உடனே பத்திரிகையில் அதைக் கொண்டாடி மதிப்புரை எழுதினார் லூயிஸ். அந்த முதல் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் தம் பிள்ளைகளுக்கும் இங்க்ளிங்ஸ் நண்பர்களுக்கும் நூலைக் காணிக்கையாக்கினார். நண்பர்களுக்கு நன்றி சொல்ல அவர் சொன்ன காரணம், அவர்கள் பொறுமையோடு கேட்டார்கள் என்பது. லூயிஸ் இறந்த பிறகும் அவர் அதையே எழுதினார்: தாம் லூயிஸிடம் பெற்ற கடன் கதைக் கருவோ நடையோ அல்ல, ஊக்கம். நெடுங்காலம் தமக்கு இருந்த ஒரே கேட்பாளர் அவர்தான்.

அன்பானவர்களே, இவர்களுடைய நட்பில் உரசலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நார்னியா கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. 1950களில் இருவருக்கும் இடையே இடைவெளி விழுந்தது. லூயிஸ் தம் திருமணத்தைக்கூட அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் 1954இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் லூயிஸைப் பேராசிரியர் பதவிக்குத் தெரிவு செய்தபோது, அந்தத் தெரிவுக் குழுவில் இருந்தவர் டோல்கீன். முதலில் மறுத்த லூயிஸிடம் பேசி இணங்கவைத்தவரும் அவரே. 1961இல் டோல்கீனின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர் லூயிஸ். பரிசு வேறொருவருக்குப் போனது. அந்தப் பரிந்துரை அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பேச்சு குறைந்துபோன காலத்திலும் ஒருவர் வளர வேண்டும் என்று மற்றவர் மறைவாக உழைத்திருக்கிறார்.

1963 நவம்பர் 22 அன்று லூயிஸ் காலமானார். நான்கு நாள் கழித்து டோல்கீன் தம் நண்பருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். அந்தத் திருப்பலியில் பீடப்பணி செய்தவர் யார் தெரியுமா? டோல்கீனேதான். 71 வயது, உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். நம் பீடச்சிறுவர்கள் செய்யும் பணியைத் தம் தோழரின் ஆன்மாவுக்காகச் செய்தார். அன்று காலை அந்தப் பீடத்தருகே கதை, விமர்சனம், பழைய மனத்தாங்கல் எதற்கும் இடமிருந்திருக்காது. நண்பரை ஆண்டவரிடம் ஒப்படைக்கும் ஒரு தோழர் மட்டும் அங்கே நின்றார்.

கேட்பவரிடம் பொறாமை தங்குவதில்லை என்பதற்கு விவிலியத்திலும் சாட்சி உண்டு. கோலியாத்தைத் தாவீது வென்ற செய்தியில் சவுலின் காதில் விழுந்தது எண்ணிக்கை மட்டுமே: தாவீதுக்கு எத்தனை, தமக்கு எத்தனை. சவுலின் மகன் யோனத்தானோ தாவீது பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் அவருடைய உள்ளம் தாவீதின் உள்ளத்தோடு ஒன்றிப்போனது என்கிறது சாமுவேல் முதல் நூல் (18ஆம் அதிகாரம்). அரியணைக்கு உரிய இளவரசர் தம் மேலங்கியைக் கழற்றித் தாவீதுக்கு அணிவித்தார். ஒரே வெற்றி, ஒரே வீடு. எண்ணிப் பார்த்த தந்தை ஈட்டியை எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த மகன் தம் வாளையும் வில்லையும் கொடுத்தார்.

நம் ஆண்டவர் சீடர்களை நண்பர்கள் என்று அழைத்தபோதும் இதையே காரணமாகக் காட்டினார்: தந்தையிடமிருந்து தாம் கேட்ட அனைத்தையும் அவர்களுக்கு அறிவித்துவிட்டார் (யோவான் 15:15). மகன் தந்தையைக் கேட்கிறார், கேட்டதை நமக்குத் தருகிறார். நட்பின் ஊற்று மூவொரு இறைவனிடமே இருக்கிறது. எம்மாவு வழியில் நடந்த இரு சீடர்களிடமும் உயிர்த்த ஆண்டவர் முதலில் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை எல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டார். விளக்கமும் அப்பம் பிட்டதும் அதன் பிறகு.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில், வேலை செய்யும் இடத்தில், ஏதோ ஒன்றை இன்னும் முடிக்காமல் போராடிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார். இரண்டாம் முறை தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். கடை வைத்து இன்னும் லாபம் பார்க்காத தம்பியாக இருக்கலாம். யாருக்கும் காட்டாமல் நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதும் மகளாகவும் இருக்கலாம். "எந்த அளவில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். உடனே புத்தி சொல்லாதீர்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். நாளைக்கு அந்த வீட்டிலிருந்து இனிப்பு வரும்போது உங்கள் மகிழ்ச்சியில் நடிப்பு இருக்காது.

பேச்சு நின்றுபோன நண்பர் யாராவது இருந்தால், இந்தத் திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். அவர் உயிரோடு இருந்தால், கோவிலை விட்டு வெளியே போனதும் அவரை அழையுங்கள்.

திருமுழுக்கு யோவான் தம் மகிழ்ச்சி நிறைவடைந்தது என்றார். தம்மிடமிருந்து கூட்டம் விலகிப்போன வேளையில்தான் அதைச் சொன்னார். பிறருடைய வளர்ச்சியில் நிறைவு காணும் அந்த மனத்தைத் தூய ஆவியார் நமக்கும் தருவாராக. நம்மைப் பொறுமையோடு கேட்டு வளர்த்தவர்களுக்கு ஆண்டவர் கைம்மாறு அளிப்பாராக. ஆமென்.