கையை விட்டவர்கள்

பிரெக்ட்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ நாடகத்தில் நீதிபதி அஸ்டாக், வட்டத்தின் நடுவே குழந்தையை நிறுத்தி, பெற்றவளையும் வளர்த்தவளையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு வலிக்குமே என்று விட்டுவிடுகிற வேலைக்காரி குருஷாவுக்கே பிள்ளை. பழைய சீன நாடகத்தில் பெற்றவள்தான் கையை விடுவாள். பிரெக்ட் அதைத் திருப்பிப் போட்டார்.

கைதட்டத் தோன்றும். ஆனா குருஷாவுக்கு ஒரு வசதி இருக்கு. எதிரில் நிற்பவள், கலவரத்தில் உடைகளைப் பொறுக்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள்.

2021இல் கேரளத்தில் அந்த வசதி இல்லை. தன் சம்மதம் இல்லாமல் தன் பெற்றோரே குழந்தையைக் கொடுத்துவிட்டதாகத் தாய் போராடினாள். குழந்தையோ ஆந்திரத் தம்பதியிடம் வளர்ந்துகொண்டிருந்தது. டிஎன்ஏ பொருந்தியது; நவம்பரில் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. தாயே மனமுவந்து ஒப்படைத்தால்கூட மறுபரிசீலனைக்கு 60 நாள் தருகிறது நம் சட்டம். இங்கே அந்தச் சம்மதமே கேள்வி. அந்தத் தம்பதி மேல் ஒரு தப்பும் இல்லை, கையையும் விட்டார்கள். அஸ்டாக் அவர்களுக்கே கொடுத்திருப்பான். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

நாடகம் சொல்வது பிள்ளையை மட்டும் இல்லை: பள்ளத்தாக்கு, அதற்கு நீர் பாய்ச்சி நன்றாக விளைவிப்பவர்களுக்கே. சுங்குவார்சத்திரத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் உறுத்தும். இங்கே வயல் சிப்காட் ஆனதற்கும் இதே நியாயம்தானே: உங்களைவிட நாங்கள் நல்லாப் பயன்படுத்துவோம். பக்கத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்துக்காரர்கள் 2022லிருந்து போராடுகிறார்கள். அவங்க யாரும் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடவில்லை.